எழுதி வைக்காமல் ஸ்டெப்பர் டிரைவரைத் தொடாதீர்கள்

இணையத்தில் வாங்கிய சிறிய சிஎன்சி மில்லிங் மெஷின் சரியாக ஓடவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். மெஷின் வந்தபோது போர்டில் என்ன செட்டிங் இருந்தது? பில் யார் பெயரில் இருக்கிறது? இரண்டுக்கும் பதில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து எண்களை மாற்றியிருப்பார்கள், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரின் சிறு திருகைத் திருப்பியிருப்பார்கள், புகை வந்த பிறகு விற்றவரைத் தேடுவார்கள். விற்றவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "நீங்கள் கை வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்." அதை மறுக்க வாங்கியவர் கையில் ஒரு தாளும் இருக்காது.

300க்கு 180 மில்லிமீட்டர் வேலைப் பரப்புள்ள 3018 வகை மெஷின்கள்தான் இப்போது கல்லூரி மாணவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் அதிகம் வாங்குவது. பெரும்பாலானவற்றில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள்தான் ஓடுகிறது. இந்த மெஷின்களில் உள்ள ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் உண்மையில் நகர்ந்ததா என்று தெரியாது. போர்டு பத்து மில்லிமீட்டர் போகச் சொல்லும், மோட்டார் வழியில் திணறி ஸ்டெப்பை விட்டுவிடும், திரையில் பத்து என்றே காட்டும். அளவு தப்பியது வெட்டிய பொருளை அளக்கும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே எதையும் மாற்றும் முன் மெஷினைக் கணினியில் இணைத்து, கட்டளை வரியில் இரண்டு டாலர் குறிகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். எல்லாச் செட்டிங்கும் வரிசையாக வரும். அதை அச்செடுத்துத் தேதி போட்டு வையுங்கள். பிழையைத் தேடும்போது இந்தத் தாள்தான் வழிகாட்டி. வழக்கு என்று வந்தால் இதுவே சாட்சி.

அந்தப் பட்டியலில் 100, 101, 102 என்ற எண்கள், ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை ஸ்டெப் என்பதைச் சொல்கின்றன. கணக்கு எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொன்றையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. ஸ்குரூ ஒரு சுற்றில் 4 மில்லிமீட்டர் நகர்த்தினால் 800, 8 மில்லிமீட்டர் நகர்த்தினால் 400. உங்கள் ஸ்குரூவை அளக்காமல் வீடியோவில் வந்த 800ஐப் போட்டால், 8 மில்லிமீட்டர் ஸ்குரூ இரட்டிப்புத் தூரம் ஓடி முட்டி நிற்கும். கணக்கில் வந்த எண்ணைப் போட்டுவிட்டு டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். தூரம் கூடக்கூடப் பிழையும் கூடினால் எண் தவறு. திசை திரும்பும்போது மட்டும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே அளவு குறைந்தால் நட்டில் ஆட்டம் இருக்கிறது. ஆட்டத்தை மறைக்க எண்ணைத் திருத்துகிறவர்கள் நல்ல மெஷினையும் கெடுக்கிறார்கள். நட்டைச் சரிசெய்யுங்கள், எண்ணில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது கரண்ட். ஏ4988 டிரைவரில் திருகின் மேல் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டை, சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் அளவை எட்டால் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ரெசிஸ்டரில் ஆர்100 என்று இருந்தால் 0.8 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர். ஆர்050 என்று இருந்தால் அதே 0.8 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர், டிரைவர் கருகிவிடலாம். டிஆர்வி8825 டிரைவருக்குக் கணக்கே வேறு. இன்னொருவரின் வோல்ட்டைக் காப்பி அடிக்காதீர்கள். உங்கள் ரெசிஸ்டரைப் பாருங்கள், மோட்டார் லேபிளில் உள்ள ஆம்பியரைத் தாண்டாதீர்கள். அளந்த வோல்ட்டையும் அதே தாளில் எழுதுங்கள்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள். மோட்டாரின் சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஒரே வெட்டில் டிரைவரைக் கொன்றுவிடும். திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை: பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டு, பிறகு வயரைத் தொடுங்கள். பவர் சப்ளையின் எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கில் மாட்டுகிற பழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது. சிவப்பு நிறுத்துப் பொத்தான் மென்பொருளுக்குச் சொன்னால் மட்டும் போதாது. ஸ்பிண்டிலுக்கும் டிரைவருக்கும் போகும் மின்சாரத்தையே அது வெட்ட வேண்டும்.

லிமிட் சுவிட்ச் அடித்து அலாரம் வந்தால், டாலர் எக்ஸ் தட்டி விடுவித்து வேலையைத் தொடர்கிறார்கள். மெஷின் அப்போது தன் இடத்தையே மறந்திருக்கலாம். தட்ட வேண்டியது டாலர் எச். மெஷின் மறுபடி தன் ஆரம்பப் புள்ளியைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வெட்டு.

இவ்வளவும் செய்தும் மெஷின் ஓடவில்லை என்றால், நீங்கள் அழுது நிற்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் விற்றவர்கள் எப்போதும் ஒரு கதவைத் தட்டுவார்கள்: "வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல." பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய மட்டுமே வாங்கியவரை இந்த விலக்கு தொடாது என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. சொந்தக் கையால் ஓட்டுகிற சிறு பட்டறைக்காரர் தன் புகாரின் முதல் பத்தியிலேயே இதை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் விசாரணை இந்த ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மின்வணிக விதிகள் 2020இன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் பேசியது புகார் ஆகாது, எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி எண் சமரசம் பேசும், உத்தரவு போடாது. அதை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் பதியலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். ஜிஎஸ்டி பில், பெட்டி திறந்தபோது எடுத்த வீடியோ, முதல் நாள் செட்டிங் தாள், வோல்ட் அளவு, புகார்க் கடிதங்கள், சத்தியப் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை வரிசைப்படுத்தி இணையுங்கள். குறை என்ன என்பது சோதித்தால்தான் தெரியும் என்றால் மெஷினை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் கருகிய டிரைவரைத் தூக்கி எறியாதீர்கள், வேறொன்றை மாட்டாதீர்கள்.

இறக்குமதியான மெஷினை, பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாமல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளுக்கு மாறானது. தமிழ்நாட்டில் இதைக் கவனிக்க வேண்டியது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் பெட்டியின் படத்தோடு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முகவரியே இல்லாத பெட்டிகள் தாராளமாக வீடு வீடாக வந்து இறங்குகின்றன. யாராவது மனு கொடுத்த பிறகுதான் விழிப்போம் என்று ஒரு துறை இருக்கலாமா?

வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேராக வரவழைத்த மெஷினுக்கு இந்தியாவில் பிடித்து நிறுத்த ஆள் கிடைப்பது அரிது. சில ஆயிரம் மிச்சம் என்று அதை வாங்குமுன், இறக்குமதியாளர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.