ஆறு நிமிட நடைச் சோதனை

ஆறு நிமிட நடைச் சோதனை என்பது, ஒருவர் சமதளத்தில் ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை மீட்டரில் அளக்கும் சோதனை ஆகும். மாரடைப்பு, பைபாஸ் அறுவை சிகிச்சை, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்குப் பின் மறுவாழ்வுப் பயிற்சி பெறுவோரின் உடலுழைப்புத் திறனை அறிய இது பயன்படுகிறது.

வரலாறு

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்கள் வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். 1952இல் சாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் ஆகிய மருத்துவர்கள், அவர்களை விரைவில் நாற்காலியில் அமர வைப்பதே நல்லது என்று எழுதினர். 1968இல் கென்னத் கூப்பர் 12 நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டார். 1976இல் இது நுரையீரல் நோயாளிகளுக்கான நடைச் சோதனையாக மாற்றப்பட்டது. 6 நிமிடங்களே போதும் என்பது 1982இல் காட்டப்பட்டது. 1985 முதல் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இது பயன்படுத்தப்பட்டது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது.

செய்முறை

30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் கூம்புகள் வைக்கப்படும். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் கட்டடத்துக்குள் நடத்துவதே பொருத்தம். நோயாளி வழக்கமான காலணியுடன், தன் வேகத்தில் நடப்பார். களைத்தால் நின்று இளைப்பாறலாம். ஆனால் கடிகாரம் நிறுத்தப்படாது. உடன் இருப்பவர் நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட சொற்களால் மட்டுமே ஊக்கப்படுத்துவார். கூடுதல் உற்சாகம் தூரத்தை மாற்றிவிடும் என்பதே காரணம்.

தொடக்கத்திலும் முடிவிலும் நாடித்துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, மூச்சுத்திணறல், களைப்பு ஆகியவை குறிக்கப்படும். பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோரின் நாடித்துடிப்பு அதிகம் உயராது. எனவே நாடியை மட்டும் நம்பாமல், களைப்பை எண்ணால் குறிக்கும் போர்க் அளவுகோலும் பயன்படுகிறது.

கணக்கிடுதல்

போய்வரும் ஒரு சுற்று 60 மீட்டர். ஒருவர் 6 சுற்றும் 24 மீட்டரும் நடந்தால் தூரம் 384 மீட்டர். பயிற்சிக்குப் பின் அவரே 7 சுற்றும் 10 மீட்டரும் நடந்தால் 430 மீட்டர். முன்னேற்றம் 46 மீட்டர். இதய நோயாளிகளிடம் சுமார் 25 முதல் 30 மீட்டர் வரை கூடினாலே பொருளுள்ள முன்னேற்றம் எனலாம். இரண்டாம் முறை நடக்கும்போது பழக்கத்தாலும் தூரம் சற்றுக் கூடும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர் 300 மீட்டருக்குக் குறைவாக நடப்பது, கூடுதல் கவனம் தேவை என்பதற்கான அறிகுறி.

எதிர்பார்க்கும் தூரம் வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைப் பொறுத்தது. மேலைநாட்டுச் சமன்பாடுகள் இந்தியர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. அவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், நலமாக உள்ளவரும் பலவீனமானவராகத் தோன்றக்கூடும்.

டிரெட்மில் சோதனையுடன் ஒப்பீடு

புரூஸ் முறை டிரெட்மில் சோதனையில் 3 நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும், ஈ.சி.ஜி. தொடர்ந்து பதிவாகும். அது உச்சத் திறனை அளக்கிறது. நடைச் சோதனையோ கடைக்குப் போய்வருதல் போன்ற அன்றாட வேலைக்கான திறனைக் காட்டுகிறது. இதற்குத் தாழ்வாரம், கடிகாரம், நாடா போன்ற எளிய பொருள்களே போதும் என்பதால் சிறு மருத்துவமனைகளிலும் நடத்தலாம்.

எச்சரிக்கை

கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ ஏற்பட்டவர்களுக்கு இச்சோதனை செய்யக்கூடாது என்று 2002 வழிகாட்டி கூறுகிறது. நடக்கும்போது நெஞ்சுவலி, தாங்க முடியாத மூச்சுத்திணறல், தள்ளாட்டம், திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். பூங்காவில் தனியே நடந்து தூரத்தை அளப்பது இச்சோதனைக்கு ஈடாகாது.