உள்ளத்து உணர்ச்சியும் ஸ்பானிய இலக்கணமும்



உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலையே வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிக் காட்டினார். பிறமொழியொன்றைக் கற்கப் புகுவோர்க்கு இவ்வுணர்ச்சிகளே பெருஞ்சோதனையாய் அமைகின்றன. கடையில் விலை கேட்கவும், தெருவில் வழி வினவவும் சில வாரங்களிற் பழகிவிடலாம். ஆனால், தாயை இழந்து நிற்கும் அயலவர் ஒருவருக்கு ஆறுதல் கூறவேண்டிய வேளையிலே நா தடுமாறுகிறது. விலை கேட்கையில் நேரும் பிழை நகைப்போடு போய்விடும். ஆறுதல் கூறுகையில் நேரும் பிழையோ நெஞ்சிலே தைக்கவும் கூடும். ஆகவே, ஸ்பானிய மொழியில் உணர்ச்சியை வழுவின்றிக் கூறும் முறையை இன்று நோக்குவோம்.

ஸ்பெயின் தேசத்திலும், மெக்ஸிக்கோ முதல் ஆர்ஜென்டினா வரையுள்ள அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் வழங்கும் மொழி இது. 45 கோடிக்கும் மேற்பட்டோர்க்குத் தாய்மொழி. 1492 ஆம் ஆண்டிலேயே அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் இதற்கு இலக்கணம் எழுதி அச்சிட்டு வெளியிட்டார்.

உணர்ச்சியைக் கூறத் தொடங்குபவர் முதலிற் சந்திப்பது இரண்டு வினைச்சொற்களை. 'இருத்தல்' என நாம் ஒரே சொல்லாற் கூறுவதை, ஸ்பானியர் 'ஸேர்' என்றும் 'எஸ்தார்' என்றும் இரு கூறாக்குவர். ஒருவரின் இயல்பைச் சுட்டுவது ஸேர். அவர் எய்தியுள்ள நிலையைச் சுட்டுவது எஸ்தார். 'எஸ் நெர்பியோஸோ' என்றால், அவர் பதற்றமான சுபாவம் உடையவர் என்பது பொருள். 'எஸ்தா நெர்பியோஸோ' என்றாலோ, இப்பொழுது பதறியிருக்கிறார் என்பது பொருள். 'எனக்குச் சலிப்பாயிருக்கிறது' எனக் கூற விரும்பும் ஆண்மகன் 'எஸ்தோய் அபுரீதோ' எனல் வேண்டும். மாறாக 'ஸோய் அபுரீதோ' என்பானாயின், 'நான் பிறரைச் சலிப்படையச் செய்பவன்' எனத் தன்னைத் தானே பழித்தவனாவான்.

நிலையானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார் எனச் சிலர் சூத்திரம் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. இறந்தவரைக் குறிக்க ஸ்பானியர் வழங்குவது எஸ்தார் என்னும் வினையையே. மரணத்தினும் நிலையானது எது? எனினும், அது ஒருவர் எய்திய நிலையேயன்றி அவருடைய இயல்பன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பிழை குறையும். மேலும், மகிழ்ச்சியுற்ற ஆண் 'கொந்தெந்தோ' என்றும், பெண் 'கொந்தெந்தா' என்றும் பால் வேறுபாடு தோன்றக் கூறல் வேண்டும்.

சில உணர்ச்சிகள் இவ்விரு வினைகளுக்கும் அடங்குவன அல்ல. பசி, அச்சம், நாணம் முதலியவற்றை ஸ்பானியர் ஒரு பொருளை உடைமையாகக் கொண்டிருப்பதுபோலக் கூறுவர். 'தெங்கோ மியேதோ' என்பது 'அச்சத்தை உடையேன்' என்பதாம். அச்சம் இங்கே பெயர்ச்சொல்லாதலின், 'மிக' எனப் பொருள்படும் 'முய்' அதனுடன் சேராது. 'மிகுந்த' எனப் பொருள்படும் 'மூச்சோ' என்பதே சேரும். 'தெங்கோ மூச்சோ மியேதோ' என்பதே வழக்கு.

ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியம் கற்போர் விழும் குழி ஒன்றும் இங்குண்டு. கூச்சமடைந்தேன் என்பதற்குரிய 'எம்பராஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை நினைந்து, ஒரு பெண் 'எஸ்தோய் எம்பராஸாதா' என்று சொல்லிவிட்டால், கேட்டோர் அவளுக்கு வாழ்த்துக் கூறவும் கூடும். அச்சொல்லுக்குக் கர்ப்பவதி என்பதே பொருள்! நாணத்தைக் கூற 'தெங்கோ பெர்குவென்ஸா' எனல் வேண்டும்.

தமிழர்க்கு எளிதாக அமையும் பகுதியும் ஒன்றுண்டு. 'எனக்கு இசை பிடிக்கும்' என்று நாம் நான்காம் வேற்றுமை கொண்டு கூறுகிறோம். 'மே குஸ்தா லா மூஸிகா' என்னும் ஸ்பானிய வாக்கியமும் அவ்வாறே அமைந்தது. 'மே' என்றால் 'எனக்கு', இசையே எழுவாய். ஆங்கிலேயர் வருந்திக் கற்கும் இவ்வமைப்பு நமக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம் போன்றது. எனினும், ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். 'பிடிக்கும்' என்னும் நம் வினை ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது நிற்கும். ஸ்பானிய வினையோ எழுவாயின் எண்ணைப் பின்பற்றும். பூக்கள் பிடிக்கும் என்கையில் 'மே குஸ்தான் லாஸ் ஃப்ளோரெஸ்' எனப் பன்மையாக்கல் வேண்டும்.

இனி, அனைத்தினும் நுட்பமான பகுதிக்கு வருவோம். ஒரு செய்தியை அறிவிப்பதற்கும், அச்செய்தியைக் குறித்து நெஞ்சம் நெகிழ்வதற்கும் ஸ்பானிய மொழி வெவ்வேறு வினை வடிவங்களை வைத்துள்ளது. 'நீ வருகிறாய் என அறிவேன்' என்பது 'ஸே கே பியெனெஸ்'. 'நீ வருவதையிட்டு மகிழ்கிறேன்' என்பதோ 'மே அலேக்ரோ தே கே பெங்காஸ்'. வருகை ஒன்றே, முன்னதில் 'பியெனெஸ்' என்றிருந்த வினை, மகிழ்ச்சி கலந்தவுடன் 'பெங்காஸ்' எனத் திரிந்துவிட்டது. உண்மையாக நிகழும் செயலாயினும், அதை அறிவிப்பது அங்கே நோக்கமன்று; உணர்வதே நோக்கம். அதனாலேயே இத்திரிபு. தமிழில் இதற்கெனத் தனி வினை வடிவம் இல்லை. ஆயினும், 'வருகிறாய்' என்னும் வினைமுற்றை அப்படியே நிறுத்தாமல், 'வருவதை' எனத் தொழிற்பெயராக்கி நாமும் அதன் வடிவை மாற்றுகின்றோம் அல்லவா? மகிழ்பவரும் வருபவரும் ஒருவரேயாயின் இத்திரிபு வேண்டியதில்லை. 'மே அலேக்ரோ தே பெனீர்' என வினையின் மூலவடிவே போதுமானது.

இனி, தாயை இழந்த அந்த அயலவரிடம் செல்வோம். 'ஸியெந்தோ மூச்சோ கே ஸு மாத்ரே ஆயா முவெர்தோ' எனக் கூறலாம். 'தங்கள் தாயார் இறந்தமைக்கு மிகவும் வருந்துகிறேன்' என்பது பொருள். இறப்பை அறிவிக்கும்போது 'ஆ' என நிற்கும் துணைவினை, வருத்தம் கலந்ததால் 'ஆயா' என மாறிற்று. 'ஸு' என்பது 'தங்கள்' என்னும் மரியாதைச் சொல். அதனை விடுத்து, நெருங்கியோர்க்கே உரிய 'து' என்பதைப் பழக்கமில்லாத முதியவரிடம் வழங்கினால், துக்க வீட்டிலே 'உன் தாய்' என்றது போலாகும்.

இத்தனையும் அவ்வேளையில் நினைவுக்கு வாராதாயின், மரபுத்தொடர் ஒன்று கைகொடுக்கும். 'லே அகொம்பாஞோ என் எல் ஸெந்திமியெந்தோ' என்பர் ஸ்பானியர். 'இவ்வுணர்ச்சியிலே தங்களுக்குத் துணையாக வருகிறேன்' என்பது அதன் பொருள். பிறர் துயரத்தோடு சிறிது தூரம் உடன் நடப்பதே ஆறுதல் என்பதை அத்தொடர் கூறாமற் கூறுகிறது. அந்நடையிலே கால் இடறாதிருக்கவே இலக்கணம் கற்கிறோம்.