கீழே இருப்பதெல்லாம் கையிருப்பு ஆகிவிடுமா?

வாழைக்கு மூடாக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் தம்பி வந்து கேட்டார்: "சார், பூமிக்குக் கீழே நிலக்கரி இருக்குன்னு சர்க்கார் எழுதிட்டா, எடுத்துத்தான் தீருவாங்களா?"

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் எங்கள் வயல். வங்கியில் கடன் மனு பார்த்தே காலம் ஓட்டியவன் நான். அந்தக் கணக்கிலேயே பதில் சொன்னேன்.

கிணறு வெட்டக் கடன் கேட்டு வருபவரிடம் மூணு விஷயம் பார்ப்போம். தண்ணீர் இருப்பது எவ்வளவு நிச்சயம்? வெட்டும் திட்டம் தயாரா? வெட்டினால் கட்டுபடியாகுமா, அக்கம்பக்கம் பாதிக்காதா?

ஐ.நா. சபை 1997-ல் வெளியிட்ட கனிம வள வகைப்பாடும் இப்படித்தான். ஒவ்வொரு வளத்துக்கும் மூணு இலக்கம். முதல் இலக்கம் கட்டுபடி, இரண்டாவது திட்டத்தின் தயார்நிலை, மூன்றாவது நிலத்தடி அறிவின் நிச்சயம். 111 என்றால் மூன்றிலும் தேறியது. 334 என்றால் மேலோட்டமாகத் தேடிப் பார்த்த நிலை. நம் நாட்டில் 2015-ல் வந்த கனிமச் சான்று விதிகளும் தேடலை இதே போல நாலு கட்டமாகப் பிரிக்கின்றன.

ஆக, "இத்தனை கோடி டன் இருக்கு" என்று பேப்பரில் வந்தால் அது பெரும்பாலும் கடைசி இலக்கத்தின் கதைதான். வளம் வேறு, எடுக்கத்தக்க கையிருப்பு வேறு.

நமக்கு முக்கியம் முதல் இலக்கம். ஆரம்பத்தில் அது வெறும் பொருளாதாரம். 2009-ல் சமூகமும், 2019-ல் சுற்றுச்சூழலும் அதில் சேர்ந்தன. நம் பயிரும் கிணறும் வாழ்க்கையும் இப்போது அந்தக் கணக்குக்குள் வருகின்றன.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. உழவர்கள் கொதித்தார்கள், மாநில அரசும் எதிர்த்தது. ஏப்ரலில் மூன்றும் நீக்கப்பட்டன. கீழே இருந்த கரி ஒரு டன்கூடக் குறையவில்லை. மாறியது மேலே இருந்த மக்களின் குரல்தான்.

ஆனாலும் அசந்துவிடக் கூடாது. ஐ.நா. வகைப்பாடு ஒரு கணக்கு முறைதான், அதுவே நிலத்தைக் காக்கும் சட்டம் ஆகாது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் சேரவில்லை. மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டத்து ஊர் என்பதைக் கவனியுங்கள்.

வங்கியில் எழுத்தில் இல்லாத பேச்சுக்கு மதிப்பு கிடையாது. அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். போகத்துக்குப் போகம் என்ன பயிர், எவ்வளவு மகசூல், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை பேருக்கு வேலை என்று எழுதி வையுங்கள். கிராம சபையிலும் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் அதை நீட்டி, "இதையும் கணக்கில் சேருங்க" என்று கேளுங்கள்.

தம்பி அன்று சாயங்காலமே கிணற்றுக்குள் கயிறு விட்டு அளந்துவிட்டார்.