மேலே இருப்பவருக்கு வேலை தெரியாவிட்டால்

வேலை தெரியாத மேலதிகாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தவன் நானேதான்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்துவிட்டு வந்த என்னிடம், நெடுங்கேணிப் பக்கத்தில் மீளக் குடியமர்ந்த குடும்பங்களுக்கு விதைநெல் வழங்கும் பொறுப்பு ஒருமுறை விடப்பட்டது. அந்த முறை மழை பிந்தியது. கார்த்திகைக் கடைசியில் நான்கரை மாத நெல்லைக் கொடுத்தேன். விளைச்சல் கூடிய இனம் என்று எங்கோ கேட்டிருந்தேன். பூக்கிற நேரம் மழையும் இல்லை, சிறுகுளத்தில் தண்ணீரும் இல்லை. பெரும்பாலும் பதர். எங்கள் வெளிக்களப் பணியாளர் சிறு வயது முதல் வயலில் நின்றவர். மூடைகளை இறக்கும்போதே பிழை என்று கண்டிருக்கிறார். “ஏன் ஐயா சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் கேட்கவில்லையே, பாதர்.”

அவரில் குறை காண முடியாது. நிவாரண அட்டையோடு முகாம் முகாமாக அலைந்த சனத்துக்கு, வாயைத் திறந்தால் பட்டியலில் பெயர் வெட்டுப்படும் என்ற பயம் இலேசில் போகாது.

பயம் வீணானதும் அல்ல. 2021 ஏப்ரலில் அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளைத் தடையை அறிவித்தார். மே மாதத்தில் இறக்குமதி நின்றது. சேதனப் பசளை கூடாது என்று அறிஞர்கள் சொல்லவில்லை; முழு நாடும் ஒரே போகத்தில் மாற முடியாது என்றே சொன்னார்கள். அப்படிச் சொன்ன பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே அரச குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் தடை தளர்ந்தது; அதற்குள் காலபோகம் விதைத்தாயிற்று. உணவுத் தட்டுப்பாடு வரும் என்று எச்சரித்த விவசாய அமைச்சின் செயலாளர் டிசம்பரில் பதவி இழந்தார். முந்திய காலபோகத்தில் 30 இலட்சம் தொன்னளவில் இருந்த நெல், 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. பிழை என்று சனாதிபதி ஒப்புக்கொண்டது 2022 ஏப்ரலில். யூலையில் அவரே விலகினார்.

தனியே நின்று சொன்னவரைத் தூக்கிவிடுவது சுலபம். ஆகவே சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். நாலு பேர் முன்னால் “உமக்கு ஒன்றும் தெரியாது” என்றால், எந்த மனிதனும் தன் பிழையையே இறுக்கிப் பிடித்துக்கொள்வான். (நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.) முதலில் ஆறுதலாகக் கேள்வியாய்க் கேளுங்கள்: “ஐயா, இந்த நெல் எத்தனை மாதம்? குளத்தில் எத்தனை அடி தண்ணீர்?” பதில் இல்லையென்றால் கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். திகதி, மூடைக் கணக்கு, வயலின் நிலை போதும், கோபம் வேண்டாம். எல்லோரும் கையெழுத்திட்டு, பிரதியைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். அரச அலுவலகம் மௌனமாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

கூட வேலை செய்பவர் சங்கதி வேறு. கணக்கு எழுதத் தெரியாத பொருளாளரை ஊர் கள்ளன் என்றே சொல்லிவிடும். இரண்டு பின்னேரம் பக்கத்தில் இருந்து பற்றுச்சீட்டுகளை ஒட்டக் காட்டிக்கொடுத்துப் பாருங்கள். ‘கள்ளர்’ பலர் நல்ல பொருளாளர் ஆகிவிடுவார்கள். காட்டிக்கொடுத்தும் செய்ய மனமில்லாதவரை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாற்றலாம்.

அடுத்த காலபோகத்துக்கு விதைநெல் வாங்கப் போனபோது அந்தப் பணியாளரை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டேன். கடைக்காரர் என்னோடு விலை பேசிக்கொண்டிருந்தார். இவர் ஒரு நெல்லை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அடுத்த கடைக்குப் போனோம்.