வானத்தில் எண்ணெய் வார்க்கிறார்கள்!

பம்மலில் மொட்டை மாடியில் வடாம் பிழிகிறவர்களுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமே அல்ல. ஒரு பக்கம் மீனம்பாக்கம். இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப் படைத் தளம். இரைச்சல் கேட்டால், காக்கை விரட்டும் கையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனால், "பறக்கும்போது எண்ணெய் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டுவிட்டால் நாம் விழிக்க வேண்டியதுதான்!

பிரயாணிகள் விமானம் வழிக்கு வேண்டிய எண்ணெயோடுதான் கிளம்பும். போர் விமானத்தின் சங்கதி வேறு. தொட்டி சிறிது, தாகமோ பெரிது. நெடுந்தூரம் போக வேண்டுமானால், நடு வானில் இன்னொரு விமானம் வந்து எண்ணெய் வார்க்க வேண்டும்.

1923-ம் வருஷம் அமெரிக்காவில் முதன் முதலாக இதைச் செய்தபோது, மேலே பறந்தவர்கள் குழாயைத் தொங்கவிட்டார்கள். கீழே பறந்தவர் அதைக் கையால் எட்டிப் பிடித்தார்! இன்றைய வேகத்தில் அது நடக்குமா? ஆகவே தாய் விமானம் நீளக் குழாய் ஒன்றைப் பின்னால் விடுகிறது. அதன் நுனியில் இறகுப் பந்து போல விரிந்த ஒரு கூடை. சேய் விமானம் தன் மூக்கருகே உள்ள குழலை அதற்குள் செருக வேண்டும். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பது போலத்தான்! போதாக்குறைக்கு, நெருங்கி வரும் விமானம் தள்ளுகிற காற்றே கூடையை ஒதுக்கிவிடும்.

ஆனால் உண்மையான சிரமம் குழாயில்தான் இருக்கிறது. சேய் விமானம் முட்டியதும் குழாய் தொய்ந்து போகும். தொய்ந்த குழாய் காற்றில் சாட்டை போலச் சொடுக்கினால் குழல் முறிந்துவிடும். அதனால், தொய்வு கண்ட மாத்திரத்தில் தாய் விமானத்திலுள்ள உருளை அதைச் சுருட்டிக்கொள்ள வேண்டும்; சேய் பின்வாங்கினால் உடனே விட்டும் கொடுக்க வேண்டும். காற்றாடி விடும் பையனின் விரல்கள் செய்யும் வேலையை இயந்திரம் செய்கிறது. இதற்கிடையே தாய் விமானத்தின் பாரம் குறைகிறது, சேயின் பாரம் கூடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் பறந்தாக வேண்டும்.

2020 ஜூலையில் பிரான்சிலிருந்து அம்பாலாவுக்கு வந்த ஐந்து ரஃபேல் விமானங்களுக்குப் பிரெஞ்சுத் தாய் விமானம் வழியில் இப்படித்தான் எண்ணெய் ஊட்டியது. நம்மிடமும் 2003 முதல் ரஷ்ய வடிவமைப்பான இல்யூஷின்-78 ரகத் தாய் விமானங்கள் ஆக்ராவில் இருக்கின்றன. வாங்கியவை ஆறே ஆறு. 2010 முதல் 2016 வரையிலான காலத்தை ஆராய்ந்த அரசுத் தணிக்கை அறிக்கை, அவற்றில் சராசரியாகச் சரிபாதிகூடப் பறக்கும் நிலையில் இல்லை என்று குறை சொன்னது. எத்தனை போர் விமானங்கள் இருந்தென்ன? ஊட்டும் கை ஓய்ந்தால் அவை வெகுதூரம் போக முடியாது.

வீட்டு நிர்வாகம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லையே!