மழை பெய்தும் மகசூல் இல்லையே... கரிசல் மானாவாரியில் என்ன நடக்கிறது?

‘மழை நல்லாத்தான் பெஞ்சது. ஆனா, உளுந்து மட்டும் வீடு வந்து சேரலையே, ஏன்?’ கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து மானாவாரி விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. ‘மழை குறைஞ்சு போச்சு’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. பெய்த மழையில் நம் நிலத்தில் தங்கியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஒரே இரவில் 25 மி.மீ. கொட்டினால், 1 லட்சம் லிட்டர்! ஆனால், கரிசலின் குணம் வேறு. வெடித்துக் கிடக்கும்போது முதல் மழையை வெடிப்பு வழியாகக் குடித்துக்கொள்ளும். நனைந்ததும் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஐப்பசியில் அடித்துப் பெய்யும் மழை, மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். கார்த்திகையில் இரண்டு வாரம் வெயில் காய்ந்தால், பூத்து நிற்கும் உளுந்து வாடிவிடும்.

அதனால், கோடையிலேயே சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுங்கள். பருவமழைக்கு முன்பாக, 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் பகுதிப்பாத்தி அமையுங்கள். டிராக்டரில் வரப்பு போடும் கருவியை மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். விழுந்த தண்ணீர் அந்தந்தப் பாத்தியிலேயே நின்று இறங்கும். தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை இருந்தால், வாடும் நேரத்தில் ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்கலாம். ‘இருக்கறதே ரெண்டு ஏக்கர், அதுலயும் குட்டையா?’ என்ற தயக்கம் நியாயமானதுதான். அவர்கள் பகுதிப்பாத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது, விதைப்பு. புரட்டாசிப் புழுதியில் விதைக்கும் சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். மேலாக விழுந்த விதை தூறலுக்கே முளைத்து, அடுத்த மழைக்குள் கருகிவிடும். ஆழத்தில் இருப்பது 20-25 மி.மீ. மழை கிடைத்தால்தான் முளைக்கும். விதைப்பதற்கு முன்பு விதையைக் கடினப்படுத்துவதும் நல்லது. 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்திக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை இருக்கிறது, வியாபாரி களத்துக்கே வருகிறார். சோளம், கம்பு என்றால் குருவி விரட்டவே ஆள் வேண்டும். ஆனால், வறட்சியைத் தாங்குவதில் மக்காச்சோளம் அவற்றுக்குப் பின்னால்தான். 2018-ல் வந்த படைப்புழுவையும் மறந்துவிட முடியாது. நிலம் முழுவதையும் அதற்கே கொடுப்பது சூதாட்டம்.

இவ்வளவு செய்தும் வானம் கைவிட்டால், மிஞ்சுவது பயிர்க் காப்பீடு. பிரதமரின் திட்டத்தில் ராபி உளுந்து, சோளத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதமும், பருத்திக்கு 5 சதவிகிதமும்தான் விவசாயியின் பங்கு. வறட்சி இழப்பை உங்கள் வயலை மட்டும் வைத்துக் கணக்கிட மாட்டார்கள்; அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சல்தான் கணக்கு. விதைத்த பயிரின் பெயர் அடங்கலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.