செராமிக் கரியடுப்பைப் பராமரிக்கும் முறை

முட்டை வடிவச் செராமிக் கரியடுப்பு, ஜப்பானின் ‘கமாடோ’ அடுப்பின் வழிவந்தது. இதன் தடித்த சுவரில் நுண்துளைகள் உண்டு. சோப்புநீரை அவை உறிஞ்சிக்கொண்டால், அடுத்த சமையலில் அந்த வாடை உணவில் ஏறும். ஆகவே உட்புறத்தை நெருப்பால்தான் சுத்தம் செய்ய வேண்டும். கரியை மூட்டி, மூடியைச் சாத்தி, சுமார் 300 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் எரியவிட்டால், படிந்த கொழுப்பு கருகிவிடும்.

மூடியைச் சட்டெனத் திறந்தால் காற்று புகுந்து தீ சீறும். முதலில் சிறிதளவே தூக்கி, சற்றுப் பொறுத்துத் திறக்க வேண்டும்.

அடுப்பு நன்கு ஆறிய பின் கருகலைச் சுரண்டி, சாம்பலை வாரி, காற்றுத்துளைகளின் அடைப்பை நீக்க வேண்டும். மூடி இறுகப் பொருந்த விளிம்பில் ஒட்டியுள்ள பட்டை தேய்ந்தால் மாற்ற வேண்டும். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது; செராமிக் விரிசல் விடும்.